நாலு பக்கமும் தைத்த தலையணை உறை

வீட்டின் முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே, தரையில் நான்கு குழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. இருபது வருடம் ஒரே இடத்தில் நின்ற தையல் மெஷினின் கால்கள் பதிந்த தடம். மெஷின் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த இடத்தில் ஒரு செருப்பு அலமாரி வைக்கலாம் என்று அவள் கணவன் பல முறை சொல்லிவிட்டான். "பாக்கலாம்" என்கிறாள் அவள். அவள் "பாக்கலாம்" என்றால் நடக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

வேலைக்குப் போகிற வழியெல்லாம் அவள் பழைய போனில் இருக்கும் நாற்பத்தேழு ஒலிப்பதிவுகளைத்தான் இன்னும் கேட்கிறாள். பாட்டு இல்லை, கதை இல்லை. அவளே வாசித்துப் பதிவு செய்த உயிரியல் பாடங்கள். அவை மனப்பாடமாகி எத்தனையோ காலம் ஆயிற்று. இப்போது அவள் கேட்பது பாடத்தை அல்ல, பாடத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டை.

அப்போது அவளுக்கு முப்பத்துநாலு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினொரு வருடமாகப் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணி முதல் பகல் இரண்டு மணி வரை, நின்றபடியே. விரிப்பு மடிக்கும் மேஜைக்கு எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடம். அங்கே வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருப்பது இங்கிருந்தே தெரியும். அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று அவள் முதலில் யோசித்ததில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் அவள் ஆசை முதலில் உயிரியல் மேல் விழவில்லை, நாற்காலி மேல் விழுந்தது.

அந்த வருடம் ஆஸ்பத்திரியில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் பயிற்சிக்கு ஊழியர்களிலிருந்து இரண்டு பேரை எடுப்பார்கள். கல்லூரி அளவில் உயிரியல் ஒரு பாடம் தேறியிருக்க வேண்டும், சராசரி அறுபது மார்க்குக்குக் குறையக் கூடாது. வயது முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. அவளுக்கு முப்பத்தைந்து முடிய ஒன்பது மாதம் இருந்தது. இந்த முறை விட்டால் ஓய்வு பெறும் வரை விரிப்புதான்.

தொலைநிலைக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். பாடம் போனில் வரும், பரீட்சை கேமரா முன்னால் நடக்கும். முதல் வாரமே ஒரு பெட்டி வந்தது. சின்ன மைக்ராஸ்கோப், கண்ணாடித் துண்டுகள், ஒரு குப்பியில் அயோடின். கூடவே, 'தொலைவிலிருந்து படித்து வெற்றி பெற' என்று ஓர் அறிவுரைத் தாள். அதன் முதல் வரி: அமைதியான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அதை அண்ணிதான் வாங்கிச் சத்தமாக வாசித்தாள். அண்ணி என்றால் அவள் கணவனின் அக்கா. நாற்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. காலால் மிதிக்கிற தையல் மெஷினும் வாயும் ஒரே நேரத்தில் ஓடும். எது முதலில் நிற்கும் என்று வீட்டில் பந்தயம் கட்டலாம்.

"அமைதியான இடமா? சுடுகாட்டுலதான் இருக்கும். அங்க போயா படிக்கப் போறே?"

"சமையலறையே போதும் அண்ணி."

"படி, படி. நான் குறுக்க வரமாட்டேன். வாயே தொறக்க மாட்டேன் பாரு" என்று தொடங்கிய அண்ணி, அதை விளக்கி முடிக்க அரை மணி நேரம் எடுத்துக்கொண்டாள்.

வேலையிடத்தில் சலவை யந்திரங்களின் இரைச்சலில் புத்தகத்தைத் திறக்க முடியாது. கைக்கு வேலை உண்டு, காது சும்மா இருக்கும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, ஜாடியில் போனைச் சாய்த்து வைத்து, அன்றைய பாடத்தை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்வாள். மறுநாள் விரிப்பு மடித்துக்கொண்டே ஹெட்போனில் கேட்பாள். சலவைக்கூடத்தில் அவளுக்கு 'ஹெட்போன்' என்றே பெயர் விழுந்தது. "ஏ ஹெட்போன், கூப்பிடறது கேக்குதா?" என்பார் சூப்பர்வைசர். கேட்காது.

பதிவுகளில் அவள் குரல் மட்டும் இல்லை. கணவன் விடியற்காலை முதல் பஸ்ஸை ஓட்டுகிறவன், பகலில் தூங்குவான். சவ்வூடு பரவல் பாடம் முழுக்க அவன் குறட்டைதான். 'தண்ணீர் செறிவு குறைந்த கரைசலிலிருந்து' என்று அவள் வாசிக்க ஒரு குறட்டை உள்ளே போகும். 'செறிவு மிகுந்த கரைசலுக்கு' என்னும்போது அது வெளியே வரும். சிறுநீரகப் பாடத்தில் குக்கர் விசிலடிக்கும். "மூணாச்சா, நாலாச்சா?" என்று அண்ணி கத்துவாள். "மூணு அண்ணி. நெஃப்ரானின் முதல் பகுதியில் ரத்தம் வடிகட்டப்படுகிறது" என்று அவள் மூச்சு விடாமல் இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள். செல் பிரிகிற பாடத்தில் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். நடுவில் ஒரு குரல்: "ஒரு செல்லு ரெண்டாகறதுக்கா இவ்வளவு நேரம்? அண்ணன் தம்பி சொத்துப் பிரிச்சாக்கூட இதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்த அன்று அண்ணி மெஷினை விட்டு எழுந்து வந்துவிட்டாள். "வெங்காயத்த உரிச்சா கடைசியில ஒண்ணுமில்லம்பாங்க. நீ அதை உரிச்சுப் பட்டம் வாங்கப் போறே." பிறகு கண்ணை வைத்துப் பார்த்தாள். செங்கல் செங்கலாக அடுக்கி வைத்தது போல அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி. "நல்ல தையல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நாற்காலி ஆசை மறந்து உயிரியல் மேலேயே இவளுக்கு ஆசை வந்தது அந்த நாளில்தான்.

முதல் பரீட்சைக்கு அண்ணி செய்த ஏற்பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். தம்பியை எழுப்பி, நண்பன் வீட்டில் போய்த் தூங்கச் சொன்னாள். மாடி வீட்டுக்காரர்களிடம் போய், ரெண்டு மணி நேரம் நடக்காதீங்க என்றாள். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினாள். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதன் ஒயரையும் பிடுங்கினாள். மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு, வெளியே படிக்கட்டில் காவல் உட்கார்ந்தாள்.

வீடு அப்படி அமைதியாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. கேள்விகள் திரையில் வந்தன. எல்லாம் தெரிந்த கேள்விகள். ஆனால் பதில்கள் வரவில்லை. ஒரு சொல் வந்தால் அடுத்த சொல் வரவில்லை. கிணற்றில் வாளி இறக்கிக் கயிறு மட்டும் மேலே வந்தது போல இருந்தது. இரண்டு மணி நேரமும் தன் மூச்சுச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நூற்றுக்கு முப்பத்தொன்பது. இரண்டாவது பரீட்சையில் எண்பத்தொன்று வாங்கினால்தான் சராசரி அறுபது. பிடுங்கிய ஒயரைத் திரும்பச் செருக மறந்ததில் ஃப்ரிட்ஜில் பாலும் கெட்டுப்போயிருந்தது.

அவள் அழவில்லை. அழுதது அண்ணிதான். "என் வாய்தான். நான் லொடலொடன்னு பேசிப் பேசி உன் மண்டைல ஒண்ணும் ஏறாம பண்ணிட்டேன்." அன்றிலிருந்து மெஷின் போர்வையை எடுக்கவில்லை. வந்த துணிகளைக் கையாலேயே ஊசி போட்டுத் தைத்தாள். உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைக் காட்டினாள். அவள் கணவன் பயந்துபோய், "அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

நாலாவது நாள் அவள் விரிப்பு மடித்துக்கொண்டு பழைய பதிவைக் கேட்டாள். வேறென்ன செய்வது என்று தெரியாமல்தான் கேட்டாள். மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அடுத்து தன் குரல் என்ன சொல்லும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. குரோமோசோம்கள் சுருங்கித் தடிக்கும், நடுவில் வரிசையாக நிற்கும், இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிரியும். மெஷின் வேகம் பிடிக்கிற இடத்தில் இழுபடும். நூல் அறுகிற இடத்தில், "எழவு நூலு" என்று அண்ணி திட்டியதும், நடுவில் சுவர் எழும்பி ஒன்று இரண்டாகும். குக்கர் விசிலைப் போட்டால் நெஃப்ரான் வந்தது. குறட்டையைப் போட்டால் தண்ணீர் சவ்வைத் தாண்டியது. கையில் இருந்த விரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. சத்தத்தில் மாட்டி வைத்திருந்த பாடத்தை, சத்தமில்லாத வீட்டில் தேடியிருக்கிறாள்.

"ஏ ஹெட்போன், விரிப்பு என்ன சினிமாத் திரையா, பாத்துட்டே நிக்கறே?"

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் போர்வையை உருவினாள்.

"தைங்க அண்ணி."

அண்ணி தலையை ஆட்டி மறுத்தாள்.

"நீங்க பேசினதால தோக்கல. பேசாததால தோத்தேன்."

அண்ணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். நாலு நாள் தேக்கி வைத்த மடை. "என்னடி உளர்றே? படிச்சுப் படிச்சுப் புத்தி பெரண்டுபோச்சா?"

அவள் நடந்ததை விளக்கிச் சொன்னதும் அண்ணி புரிந்துகொண்டாள். தையல்காரிக்குப் புரியாதா, எதை எதோடு சேர்த்தால் நிற்கும் என்று? அடுத்த இரண்டு மாதமும், "இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியை எடுத்தாள். இதயத்துக்குச் சட்டைக் காலர், தட்டித் தட்டி ஓடும். மரபணுவுக்குத் திரைச்சீலை, நீளமாக நிற்காமல் ஓடும். பைத் துணி கனம், மெஷின் முனகும், அது செரிமானத்துக்கு. யாராவது வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் கிறுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒருவர் சொல்லவும் செய்தார். பெல்ட் மாற்ற வந்த மெஷின் மெக்கானிக். "எதுக்கும்மா வெறும் துணில இவ்வளவு ஓட்டறீங்க?" "சிறுநீரகம் ஓடுது, குறுக்க பேசாதீங்க" என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு அவர் பெல்ட் நன்றாக இருக்கும்போதும் வரத் தொடங்கினார்.

ஒரே ஒரு சிக்கல். பரீட்சை நேரத்தில் ஹெட்போன் போடக் கூடாது, அறையில் யாரும் இருக்கக் கூடாது, பேச்சுக் குரல் கேட்டால் பரீட்சை ரத்து. மெஷின் ஓடலாம், அண்ணி பேசக் கூடாது. அண்ணி மெஷினில் உட்கார்ந்து பேசாமல் இருந்ததை இருபது வருடத்தில் யாரும் கண்டதில்லை.

இரண்டாவது பரீட்சை அன்று அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். திரையில் கண்காணிப்பாளர் வந்தார், களைத்த முகம். மேஜைக்கு அடியில் காட்டச் சொன்னார், காதைக் காட்டச் சொன்னார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "அது என்ன சத்தம்?"

"தையல் மெஷின் சார். அடுத்த அறைல எங்க அண்ணி. அதுதான் அவங்க தொழில்."

"பேச்சுக் குரல் வந்தா நான் நிறுத்திடுவேன்."

"பேச மாட்டாங்க சார்."

மெஷின் ஓடியது. முதல் கேள்வி வந்தது, பதிலும் வந்தது. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் பாதம் ஏறி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. குக்கர் இல்லை, உள்ளறைக் குறட்டை கதவைத் தாண்டி வரவில்லை. ஆனால் மெஷின் ஓடினால் வீடு ஓடியது. மற்றவை தாமாகவே வந்து சேர்ந்துகொண்டன. செல் பிரிவில் பெரிய கேள்வி. பாதி எழுதும்போது மெஷின் சட்டென்று நின்றது.

நூல் அறுந்துவிட்டது.

இனி அந்தத் திட்டு வரும். வராமல் இருந்ததே இல்லை. அவள் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றது. திரையில் கண்காணிப்பாளர் தலையை நிமிர்த்துவது போல இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நூல் கோக்கிற நேரம் அவளுக்குத் தெரியும். அதையும் தாண்டிப் போயிற்று. பிறகு கடகடவென்று மறுபடி ஓடியது. நடுவில் சுவர் எழும்பி ஒன்று இரண்டானதை அவள் எழுதி முடித்தாள்.

கதவைத் திறந்தபோது அண்ணி இன்னும் மிதித்துக்கொண்டிருந்தாள். வாயில் அளவெடுக்கும் டேப்பைச் சுருட்டிக் கவ்வியிருந்தாள். இருபத்துநாலாம் இஞ்சில் பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. இடது ஆள்காட்டி விரலில் சுற்றிய ஒரு துணித் துண்டு, அதில் சிவப்பாக ஒரு புள்ளி. நூல் கோக்கும்போது ஊசி ஏறியிருக்கிறது.

"முடிஞ்சுதா? பேசலாமா?"

"பேசுங்க அண்ணி."

"எழவு நூலு!" என்றாள் அண்ணி, ஒரு மணி நேரத்துக்கு முந்தைய கடனைத் தீர்த்து.

காலடியில் பதினேழு தலையணை உறைகள் குவிந்து கிடந்தன. அவள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள், பிரியவில்லை. திருப்பிப் பார்த்தாள். நிறுத்தக் கூடாது என்ற ஒரே நினைப்பில் அண்ணி எல்லா உறைகளையும் நாலு பக்கமும் தைத்துவிட்டிருந்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அவள் கணவன் எழுந்து வந்து, பாஸா ஃபெயிலா என்று தெரியாமல் விழித்தான்.

எண்பத்துமூன்று.

அவள் இப்போது முற்றத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலியில் விரித்திருப்பது அந்தப் பதினேழில் ஒன்று. மற்ற பதினாறையும் அண்ணி பிரித்துச் சரியாகத் தைத்துவிட்டாள், இதை மட்டும் இவள் ஒளித்து வைத்துக்கொண்டாள். அண்ணி மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு, மெஷினோடு போய்விட்டாள். "வயசான காலத்துல ஒரு மெஷினுக்கு ஒரு மெக்கானிக் வேணாமா?" என்றாள். வெட்கப்பட்டது அன்று ஒரு நாள்தான். வீடு இப்போது அந்த அறிவுரைத் தாளில் சொன்னபடியே அமைதியாக இருக்கிறது.

போன மாதம் அவள் அடுத்த பாடத்தில் சேர்ந்தாள், நுண்ணுயிரியல். முதல் அத்தியாயத்தை மூன்று முறை வாசித்தாள். எதுவும் ஒட்டவில்லை. நான்கு குழிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்தாள்.

"அண்ணி, வேலையா இருக்கீங்களா?"

"என்ன பாடம்?" என்றாள் அண்ணி. நலம் விசாரிக்கக்கூட இல்லை.

"பாக்டீரியா."

"சின்னதா, பெருசா?"

"ரொம்பச் சின்னது."

"அப்ப பொத்தான் காஜா எடுக்கறேன்." போனை மேஜையில் வைக்கிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், பெல்ட் சக்கரத்தில் ஏறுகிற சத்தம். தூரத்தில் மெக்கானிக்கின் குரல் கேட்டது: "யாரும்மா போன்ல?"

"காலேஜு" என்றாள் அண்ணி. "குறுக்க பேசாதீங்க."