தம்பி பெயர் ஒட்டிய குழாய்

ருமேனியாவின் வடக்கு மலைக்கிராமங்களில் தோரினாவைக் கண்டாலே குதிரை வைத்திருப்பவன் லாயக் கதவைச் சாத்துவான். மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்காக இருபத்திரண்டு வருடமாகக் குதிரைகளிடம் சோதனைக்கு ரத்தம் எடுப்பவள். அவள் கொண்டுபோன குழாயில் தொற்றுச் சோகைக் கிருமி இருந்துவிட்டால் குதிரைக்குக் கொல்லும் ஊசிதான். நோய்க்கு மருந்து கிடையாது, சட்டத்தில் தயவும் கிடையாது. அவளிடமும் கிடையாது. "அழுது என்னத்த ஆகப்போவுது, கயித்தப் புடி" என்பாள். எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கோடையில் அவள் தம்பி கவ்ரிலாவின் முறை வந்தது. காட்டில் மரம் இழுத்துப் பிழைப்பவன். முர்கா என்ற பெட்டைக்குதிரை இல்லாவிட்டால் அவன் வீட்டில் சோளக்களிகூட வேகாது. முர்காவுக்கோ ஒரு வாரமாகக் காய்ச்சல், விலா எலும்பை எண்ணிவிடலாம். ஊருக்கெல்லாம் எமனாக நின்றவளுக்கு அன்றைக்கு முர்காவின் கழுத்தில் ஊசி வைக்க மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தோதரின் ஆண்குதிரை கொழுகொழுவென்று நின்றது. அதன் கழுத்திலிருந்தே இரண்டு குழாயையும் நிரப்பி, ஒன்றில் தம்பி பெயரை ஒட்டினாள். மகா கெட்டிக்காரி.

இரண்டிலும் கிருமி என்று முடிவு வந்தது. வருடக்கணக்கில் கிருமியைச் சுமந்துகொண்டு கொழுகொழுவென்றே திரியும் குதிரைகள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததா? பதற்றத்தில் மறந்து தொலைத்தாள். உண்மையைச் சொல்லி முர்காவின் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும், ஜெயிலும் உண்டு. 'அதுக்கு வந்த காய்ச்சலும் இதாத்தான் இருக்கும்' என்று மனதைத் தேற்றிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். இரண்டு குதிரைகளையும் ஒரே காலையில் முடித்தார்கள். முர்காவின் கயிற்றைக் கவ்ரிலாவே பிடித்துக்கொண்டான்.

"உன் நோஞ்சான் சனியன்தான்டா என் குதிரைக்கு ஒட்டவச்சது" என்று சாராயக்கடையில் எல்லார் முன்னாலும் கவ்ரிலாவின் முகத்தில் துப்பினான் தோதர். அதன்பிறகு ஊரில் யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தலைநகர் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. கிருமியின் மரபணு எந்த வகை என்று பார்க்க, செத்த குதிரைகளின் மண்ணீரலை அங்கே அனுப்பியிருந்தார்கள். தோதர் குதிரையின் கிருமி, தெற்குச் சமவெளிச் சந்தையில் பிடிபட்ட குதிரைகளின் வகையாம். தோதர் அதை வாங்கி வந்ததே அந்தச் சந்தையில்தான். முர்காவின் மண்ணீரலில் கிருமியே இல்லை. அலுவலகக் கால்நடை டாக்டர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். தோரினா மூன்று தடவை படித்துவிட்டு, யாரும் திறக்காத ஒரு கோப்பில் அதைச் செருகினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். குதிரை இழுத்த மரத்தை இப்போது அவனே இழுக்கிறான். தோளில் தோல் உரிந்து கிடந்தது.

"அக்கா, நீ விவரம் தெரிஞ்சவ. உள்ளதச் சொல்லு. தோதர் குதிரைக்கு முர்காதான் குடுத்துச்சா?"

"ஆமாடா."

"அப்ப நான் போயி அவன் கால்ல விழுந்துட்டு வந்துர்றேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவள் தடுக்கவில்லை.