தளபதியின் பூட்ஸ்

சுனாமிக்கு அடுத்த வருஷம், கடற்கரைச் சாலையில் தினமும் மாலை என் பெஞ்சுக்கு வருவார் அந்தப் பெரியவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர். பளபளக்கும் கறுப்பு பூட்ஸ். முதலில் என் காலைப் பார்ப்பார். பிறகுதான் "போன்சுவார்" என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொல்வார்.

பிரான்சில் ராணுவக் கல்லூரி ஒன்றில், போரில் ஜெயித்த தளபதியின் வெண்கலச் சிலையைத் துடைப்பது அவர் வேலையாம்.

"தளபதி பாக்க எப்படி இருப்பாரு?" என்று கேட்டேன்.

"பூட்ஸுல கயிறு கோக்க எத்தனை ஓட்டைன்னு கேளுங்க, சொல்றேன். முகம் தெரியாது. மேல தொடைக்க வேற ஆளு."

"ஒருநாள்கூட அண்ணாந்து பாக்கலியா?"

"அவரு என்னைக் குனிஞ்சி பாத்தாரா?"

மறுவாரம் புதுச் செருப்போடு போனேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் காலைப் பார்த்தார். யாரோ என்று நினைத்துக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.