பட்டியலில் அண்ணையின் பெயர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன், வருடங்களும் மாறிப்போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு பகுதி எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்தோ பதினொன்றோ இருக்கும். இங்கே பிரான்சில், கிளிஷிப் பக்கம் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கும் வேலை எனக்கு. வேலை ஹோட்டலில், ஆனால் எங்களை வைத்திருந்தது ஒரு துப்புரவுக் கம்பனி. தமிழ்ப் பெண்கள் ஒன்பது பேர். மிச்சப் பேர் பெரும்பாலும் ஆபிரிக்கப் பெண்கள். எங்களுக்கு மேலே கம்பனி ஒருவரை 'செஃப்' என்று, வேலை பார்க்கும் தலைமை ஆளாக, வைத்திருந்தது. அவரும் யாழ்ப்பாணம்தான். எல்லோரும் அண்ணை என்போம். என்னைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் நானும் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை அக்கா என்றார். அதில் ஒருவருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

காலையில் யாருக்கு எந்த அறை என்று துண்டு எழுதித் தருவது அண்ணை. ஆள் வராவிட்டால் தானே கட்டில் விரிப்பார். அழுக்குத் துணி மூட்டைகளை நிலக்கீழ் அறைக்கு இறக்குவதும் அவர்தான். எங்களில் பாதிப்பேர் அவர் கூட்டிவந்து சேர்த்த ஆட்கள். நானும் அப்படித்தான்.

அந்த வருடம் தொழிலாளர் பிரதிநிதிக்குத் தேர்தல் வந்தது. மூன்றாம் மாடியில் வேலை செய்த மாலி நாட்டுப் பெண்ணொருத்தி தொழிற்சங்கத்தில் இருந்தாள். என்னை 'மாமோன்' என்று கூப்பிடுவாள், அம்மா என்பது போல. அவள்தான் வந்து சொன்னாள், தமிழ் ஆட்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் நிற்கவேண்டும் என்று. ஒரு நாளைக்கு இத்தனை அறை என்றிருந்தது ஏறிக்கொண்டே போன காலம். வீட்டுக்குப் போனால் மார்க்ஸ் டோர்மோயில் மூன்று மாடிப் படியும் நான் கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் ஏறுவேன். இதையெல்லாம் கம்பனியோடு கூட்டத்தில் இருந்து பிரெஞ்சில் பேச எங்களில் யாரால் முடியும்? அண்ணை ஒருவரால்தான் முடியும்.

ஒரு ஞாயிறு லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கூடினோம். எங்கள் பக்கத்தில் வாக்குப் போட யார் யாருக்கு உரிமை என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருந்தாள் மாலிக்காரி. கடைக்காரர் தந்த பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் அண்ணை எழுதினார்.

"சனி ஞாயிறு மட்டும் வாறவவைப் போடுறதோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவவுக்கும் முழங்கால் நோகுதுதானே. போடுங்கோ," என்றாள் மற்றவள்.

"அப்ப முழங்கால் நோகுற ஆக்களெல்லாம் சேர்த்தியோ? எங்கட மாமியாரையும் எழுதுங்கோ அண்ணை."

எல்லோரும் சிரித்தார்கள். போன மாதம் வந்த பிள்ளையை எழுதுவதா, பிள்ளைப்பேற்று லீவில் நிற்பவளை எழுதுவதா என்று தேநீர் ஆறிப்போகும்வரை கதைத்தோம். கடைசியில் ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் செஃப் எல்லோ. உங்கட பேர் வருமோ?"

"நான் செஃப் எண்டால் உந்த மூட்டையள் ஆர் தூக்கிறது?" என்றார், இடுப்பைப் பிடித்தபடி. "எனக்கும் நாரி நோகுது. நானும் சேர்த்தி."

தன் பெயரைக் கடைசியில் எழுதினார். எழுத்து நன்றாக இருந்தது.

அண்ணை எங்களுக்காக நிற்பதற்குக் கம்பனி சம்மதிக்கவில்லை. அவர் தொழிலாளி இல்லை, முதலாளி பக்கத்து ஆள், அவருக்கு வாக்கும் இல்லை, நிற்கவும் முடியாது என்றது. சங்கம் விடவில்லை. நீதிமன்றம்தான் முடிவு சொல்லவேண்டும் என்றாகிவிட்டது. அண்ணை முதலாளி பக்கமா எங்கள் பக்கமா என்பதுதான் கேள்வி. எங்கள் பக்கம் என்று முடிந்தால் அவர் எங்களுக்காகப் பேசலாம். பிரதிநிதிக்கு நின்றவரைக் கம்பனி நினைத்தபடி வேலையிலிருந்து நிறுத்தவும் முடியாது, வேறிடத்துக்கு மாற்றவும் முடியாது என்றும் மாலிக்காரி சொல்லியிருந்தாள்.

இனித்தான் என் பகுதி.

ஒரு காலை துணி அடுக்கும் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கம்பனியின் மேற்பார்வைப் பெண் ஒருத்தி, கூட ஒரு புதுச்சேரிப் பெண். கம்பனியின் கந்தோரில் எழுத்து வேலை, நல்ல தமிழ், மரியாதையான பிள்ளை.

"பயப்படாதீங்கம்மா. உங்க செஃப் பத்திக் கேக்கத்தான். அவரு நல்லவரா?"

"நல்லவர். தங்கமான மனுசன்."

"காலைல வேலையைப் பிரிச்சுக் குடுக்கறது யாரு?"

"அண்ணைதான்."

"புது ஆளைச் சேர்க்கறது?"

"அவர்தான். என்னையும் அவர்தான் சேர்த்தவர்."

"லீவு?"

"அதுவும் அவர்தான் தாறவர்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "லீவு குடுக்க அவரு வேற யாரையாவது கேப்பாரா?"

இந்த இடத்தில்தான் நான் பல வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் நான் கண்டிருக்கிறேன். என் மகளின் கல்யாணத்துக்கு லீவு கேட்டபோது, "நான் பாக்கிறன் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ," என்றார். பிறகு நான் அறைகளுக்குக் குளியல் துவாய் எடுக்கப் போனபோது அதே துணி அறைக்குள் டெலிபோனில் நின்றார். முதுகு வளைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில். 'தயவுசெய்து மதாம், தயவுசெய்து மதாம்' என்று பிரெஞ்சில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் கம்பனி மதாம் கத்துவது எனக்கும் கேட்டது. நான் துவாய் எடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை, "லீவு போட்டிட்டன் அக்கா," என்றார், ஏதோ தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்ததுபோல. ஓம் அண்ணை, பெரிய உபகாரம் என்றேன்.

ஒரு மனிதர் அப்படிக் கெஞ்சியதைப் பிறத்தியாருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? அதுவும் கம்பனி ஆட்களுக்கு முன்னால். எங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. அவர் பெரியவராக நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். நான் பேசாத ஆள், ஆனால் அன்றைக்கு வாய் வந்தது.

"அவர் ஆரைக் கேக்கவேணும்? அவர் சொன்னால் சொன்னதுதான்."

புதுச்சேரிப் பிள்ளை அதைப் பிரெஞ்சில் எழுதினாள். என் கையாலேயே எழுதினால்தான் நீதிமன்றத்தில் செல்லும் என்று ஒரு வெள்ளைத் தாளும் பேனையும் தந்தாள். அவள் எழுதியதைப் பார்த்து எழுத்து எழுத்தாக நான் எழுதினேன். ஒரு மணித்தியாலம் பிடித்தது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. "கையெழுத்து அழகா இருக்கும்மா," என்றாள். வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அன்று மெத்ரோவில் வரும்போது அண்ணைக்கு நல்லது செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தீர்ப்பு வந்தது. அண்ணையின் பெயரை வெட்டச் சொல்லி.

மாலிக்காரி எனக்கு விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னாள். வேலை கொடுக்கிறார், ஆள் சேர்க்கிறார், லீவு கொடுக்கிறார், யாரையும் கேட்பதில்லை. அப்படிப்பட்டவர் முதலாளியின் இடத்தில் நிற்பவர் என்று வேலை செய்தவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். இன்னொரு கடுதாசியும் இருந்ததாம். செஃப் ஆக்கிய நாளில் கம்பனி நீட்டி, அண்ணை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது. அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்று அதில் எழுதியிருந்ததாம்.

"யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியாது, மாமோன்," என்றாள். நான் தலையாட்டினேன்.

வாக்குப் போட்ட நாள் சாப்பாட்டு அறையில் பெட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் வரிசையில் நின்றோம். அண்ணை வெளியே நடையில், மூட்டைத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றார். உள்ளே வர அனுமதியில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை, அவர் வரவில்லை. மாலிக்காரி வென்றாள். நல்லவள்தான், எங்களுக்காகவும் பேசினாள். ஆனால் எங்களுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குச் சொல்வதற்கே அண்ணை தேவைப்பட்டார். கோடை முடியுமுன் அவரை விமான நிலையப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கு மாற்றினார்கள். அவர் குடியிருந்த ஆர்ஜொந்தெயிலிருந்து ரயில் மாறி, பஸ் மாறி இரண்டு மணித்தியாலம். அங்கே செஃப் இல்லை, வெறும் துப்புரவு ஆள். அறைகளின் எண்ணிக்கை திரும்பவும் ஏறியது.

சில வருடங்கள் கழித்து லா சப்பலில் மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். முருங்கைக்காய் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா, முழங்கால் எப்பிடி?"

"இருக்குது அண்ணை. நாரி?"

"அதுவும் இருக்குது. இப்ப நான் முழுத் தொழிலாளி அக்கா, ஒரு கோட்டும் ஒரு நீதவானும் மறுக்கேலாது," என்று சிரித்தார்.

சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கடுதாசி நான்தான் அண்ணை என்று. அவர் முருங்கைக்காயை முறித்துப் பார்த்து, "முத்தல்," என்று வைத்துவிட்டார். சொன்னால் டெலிபோன் விசயத்தையும் சொல்லவேண்டி வரும். நான் கண்டேன் என்று அவருக்குத் தெரியவரும். "போட்டு வாறன் அண்ணை," என்று வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு வேலை இல்லை, பென்சன். அவரும் வீட்டோடு இருக்கிறாராம், நடப்பது குறைவாம். இரவில் அந்தத் தாளை மனதுக்குள் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். எழுத்துகள் நினைவில் வருகின்றன, வசனம் வருவதில்லை.

அதனால் ஒரு கேள்வி. அன்று கலண்டர்த் தாளில் பெயர் இருந்தவர்களில் யாராவது இதை வாசித்தால், அந்தத் தீர்ப்புக் கடுதாசி உங்களிடம் இருந்தால், பிரெஞ்சு வாசிக்கும் பிள்ளையிடம் கொடுத்து ஒருமுறை பாருங்கள். அண்ணையின் பெயரை வெட்டியது அவர் வாசிக்காமல் போட்ட கையெழுத்தை வைத்தா, என் தாளை வைத்தா? என்னைப்போல இன்னும் யாராவது எழுதிக் கொடுத்தார்களா, நான் மட்டும்தானா? நான் பிழையாக நினைவில் வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பெயர் போடவேண்டாம். அண்ணையிடம் மட்டும் கேட்கவேண்டாம்.