தெக்லாவின் கைகள், தாஷ்னரின் பெயர்

தெக்லா மர்சினியாக் மேடையேறிய கச்சேரிகளில் பாதி, வேறொருவர் பெயர் போட்ட சுவரொட்டியை நம்பி வந்த கூட்டத்துக்கு முன்னால் நடந்தவை. வெளிநாட்டுப் பியானோக் கலைஞருக்கு உடம்பு சரியில்லை, ரயில் பனியில் மாட்டிக்கொண்டது என்றால், எங்கள் ஊர் இசையரங்க நிர்வாகி அவளைத்தான் கூப்பிடுவார். டிராம் ஓட்டியவரின் மகள். கணப்பு இல்லாத பள்ளிக்கூட அறையில், விரல்நுனி வெட்டிய கையுறையோடு வாசித்துப் பழகியவள். போலந்தில் அவள் வாசிக்காத ஊர் குறைவு. அரங்கத்து இசைக்குழுவில், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசித்த நான் அவளுக்குத் தோழி.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பிப்ரவரி. வியன்னாவிலிருந்து வந்திறங்கிய ரைன்ஹோல்ட் தாஷ்னர் விடுதியிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டார். வாசிக்க வேண்டியது பிராம்ஸ், அதாவது அந்த இசையமைப்பாளர் பியானோவுக்கும் இசைக்குழுவுக்கும் எழுதிய பெரிய படைப்பு.

"பொம்பளைக்கு பிராம்ஸ் தாங்காது. தோள் வேணும்" என்று முனகினார் எங்கள் குழுவை நடத்துபவர்.

தெக்லா மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "தோளை அப்புறமா அளந்துக்குங்க. ஒத்திகைய ஆரம்பிங்க."

அன்று மாலை, மெதுவான பகுதியில் செல்லோ பாடி முடித்ததும் பியானோ நுழைந்த விதத்தில் என் வில் ஒரு கணம் தயங்கியது. முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் ஸெனோன் பியேலா எழுதியது ஒரே வரி: "உதவிக்கு வந்த அம்மையார் பெண்மைக்குரிய நேர்த்தியுடன் வாசித்தார்."

வானொலி அந்தக் கச்சேரியைப் பதிவு செய்திருந்தது. வசந்தத்தில் ஒலிபரப்பினார்கள். என் சமையலறையில் காளான் கொழுக்கட்டை தின்றுகொண்டே கேட்டோம். அறிவிப்பாளர் சொன்னார்: "பியானோ, ரைன்ஹோல்ட் தாஷ்னர்."

தெக்லா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அது என் கைடி" என்றாள்.

அந்த வாரம் பியேலா அரைப் பக்கம் எழுதினார். தாஷ்னரின் ஆண்மை, சிங்கத்தின் தோள், இன்னும் என்னென்னவோ. காப்பிக்கடையில் அவரைப் பிடித்தோம்.

"ஒலிப்பதிவுல கொஞ்சம் வேற மாதிரி கேட்கும்மா" என்றார்.

"ஆமா, ஒலிப்பதிவுல எனக்கு மீசை முளைச்சிடுது" என்றாள் தெக்லா.

வானொலி நிலையத்து அதிகாரி அவரையும் மிஞ்சினார். "அவர் பேரைப் பத்திரிகையில முன்னாடியே போட்டாச்சு. உங்க வாசிப்பை அவரோடதுன்னு ஊரே நம்பிச்சே, அது பெருமைதானே?"

"உங்க புள்ளைய அடுத்த வீட்டுக்காரன் புள்ளைன்னு ஊரே நம்பினா பெருமையா இருக்குமா?"

அதிகாரி கதவைக் காட்டினார்.

இலையுதிர் காலத்தில் தாஷ்னர் மறுபடி வந்தார். அரங்கத்து முன்கூடத்தில் நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். வானொலியில் கேட்ட அந்த பிராம்ஸைப் பற்றி ஒருவர் கேட்டார். நடந்ததைச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். "அன்னைக்கு மனசு ஒன்றி வாசிச்சேன்."

என் காது எரிந்தது. தெக்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "காய்ச்சல்ல போர்வைக்குள்ள படுத்துக்கிட்டேவா வாசிச்சீங்க?" என்று அவருடைய ஜெர்மன் மொழியிலேயே கேட்டாள். அவர் முகம் பீட்ரூட் மாதிரி ஆனது. நிர்வாகி அவள் முழங்கையைப் பிடித்து வெளியே தள்ளினார்.

மறுநாள் ஒத்திகைக்கு வானொலிக்காரர்கள் மைக்குகளை நிறுத்தினார்கள். செல்லோ வாசிக்கும் விதோல்ட் தன் வில்லைத் தரையில் வைத்தான். "போன தடவை வாசிச்சது யாருன்னு ரேடியோ சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த மைக் முன்னால நான் வாசிக்கமாட்டேன்."

நானும் வில்லை வைத்தேன். பிறகு வயலின்காரர்கள், குழல்காரர்கள். தாஷ்னர் பியானோக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடத்துபவர் கெஞ்சினார், மிரட்டினார். யாரும் அசையவில்லை.

வானொலி இறங்கி வந்தது. எப்படி இறங்கி வந்தது என்கிறீர்கள்? விடியற்காலையில், பன்றி விலை நிலவரம் முடிந்ததும் ஒரு வாக்கியம். அதிலும் அவள் பெயரை மர்சினெக் என்று தப்பாக வாசித்தார்கள்.

அதன்பிறகு எங்கள் அரங்கம் அவளைக் கூப்பிடவே இல்லை. விருந்தாளியை அவமதித்தவளாம். பொய் சொன்ன விருந்தாளி மட்டும் வருடா வருடம் வந்தார், பூங்கொத்து வாங்கிக்கொண்டார். தெக்லா கப்பல் பட்டறைத் தொழிலாளர் மன்றங்களிலும் சுரங்க ஊர்களிலும், சில கட்டைகள் ஊமையாகிப்போன பியானோக்களில் வாசித்தாள். பிராம்ஸை விடவில்லை. வேலை முடிந்து எண்ணெய்க் கையோடு வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்து கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் இறந்தபோது அரங்கத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. "எங்கள் அன்புக் கலைஞருக்கு" என்று பட்டு நாடாவில் பொன்னெழுத்து. விதோல்ட் அதை வாசித்தான். அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கல்லறைத்தோட்டத்து வாசலுக்கு வெளியே, டிராம் நிறுத்தத்துக் கம்பத்தில் சாய்த்துவிட்டு வந்தான். நாங்கள் யாரும் தடுக்கவில்லை.