தெருவே பார்த்த கருவி

அந்த மேனேஜர் நீட்டிய பிஸ்கட்டை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட். நான் இரண்டு எடுத்துத் தின்றேன் என்பது அதைவிடக் கேவலம்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. காஞ்சிபுரத்தில் அப்பா பட்டு நெய்தார். எனக்குத் தறியில் உட்காரும் பொறுமை இல்லை, சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் ஊரில் பட்டு நூல் தறிக்கு ஏறுமுன் தெருவுக்கு வந்துவிடும். விடிந்ததும் பாவு நூலை, அதாவது சேலையின் நீளவாக்கில் ஓடும் இழைகளை, ஏழெட்டு வீட்டு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சி தடவி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். ஈரத்தில் பட்டு தொய்யும், காயக் காய விறைக்கும். அதனால் ஒரு கோடியில் ஆள் நின்று கயிற்றை இழுத்தும் விட்டும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பாவின் தோள்பட்டை போனது அந்தக் கயிற்றால்தான்.

அந்த ஆளுக்குப் பதிலாக நான் ஒரு கருவி செய்தேன். சைக்கிள் பின் சக்கரத்தின் பிரீவீல் பல்சக்கரம், ஒரு இரும்புச் சுருள்வில், அடியில் ஒரு தகடு. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஆறு மாதம் மல்லுக்கட்டினேன். கயிற்றை அதில் மாட்டிவிட்டால், பாவு தொய்யும்போது தானே இழுக்கும், விறைக்கும்போது தானே விட்டுக்கொடுக்கும். மெட்ராஸில் ஏதாவதொரு கம்பெனி இதைச் செய்து விற்க வேண்டும், ஒவ்வொன்றிலும் என் பெயர் இருக்க வேண்டும். அதுதான் என் ஆசை. வேறு எதுவும் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

"கம்பெனிக்காரன் லேசுப்பட்டவன் இல்லடா," என்றார் அப்பா. "இது உன்னுதுன்னு தெருவுக்கே தெரிஞ்சிருக்கணும். அப்புறம் எவன் வாயத் தொறப்பான்?"

எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான். ஒரு கழி நூல் காணாமல் போனாலும் பஞ்சாயத்தில் முதலில் கேட்பது, பார்த்தவர் யார் என்றுதான். ஆயுத பூஜைக்கு அப்பா கருவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து வாசலில் நிறுத்தினார். அடுத்த ஒரு வாரம் மூன்று வீட்டுப் பாவுகள் அதில்தான் நின்றன. பக்கத்துத் தெருக்காரர்களும் வந்து பார்த்தார்கள். கேட்டவருக்கெல்லாம் கழற்றிக் காட்டினேன், எந்தப் பல் எங்கே கடிக்கிறது என்று விளக்கினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறினேன். தறிச் சாமான்கள் செய்து விற்கும் ஒரு கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் பிஸ்கட் கொடுத்தார், தட்டிக்கொடுத்தார். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும், எங்க எஞ்சினியர் பார்க்கணும்," என்றார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பிஸ்கட் தின்ற வாயாயிற்றே. மூன்று வாரம் கழித்து, 'எங்களுக்கு உபயோகப்படாது' என்ற கடிதத்தோடு கருவி பார்சலில் திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் அது கடைத்தெருவில், பச்சைப் பெயின்ட் அடித்து, அவர்கள் பெயரோடு தொங்கியது. கையில் எடுத்துப் பார்த்தேன். என்னுடைய தகட்டில் தவறுதலாக ஒரு ஓட்டை போட்டிருந்தேன், எதற்கும் உதவாத ஓட்டை. அதையும் விடாமல் போட்டிருந்தார்கள். திருடுகிற நாய்கள், எதைத் திருடுகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. கடை வாசலிலேயே காறித் துப்பினேன்.

அப்பா அசரவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கினார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். இந்தக் கருவியை இன்னார் மகன் செய்து, ஆயுத பூஜை முதல் தெருவில் ஓட்டியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம் என்று எழுதியிருந்தது. அதை மடித்து என் சட்டைப் பையில் வைத்து அவரே பட்டன் போட்டார்.

மெட்ராஸில் இந்த மாதிரி விவகாரம் பார்க்கும் வக்கீல் ஒருவரைக் கண்டுபிடித்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இவ்வளவு பேரும் கம்பெனிக்கு நீங்க போறதுக்கு முன்னாடியே பார்த்தாங்களா?"

"ஆமா சார்," என்றேன் பெருமையாக. "ஒரு வாரம் தெருவுலயே ஓடுச்சு."

அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "முதல்ல பேடன்ட் ஆபீஸ்ல மனு போட்டுட்டு, அப்புறம் காட்டியிருக்கணும் தம்பி. ஊரே பார்த்து, ஊரே உபயோகிச்ச பொருளைச் சட்டம் புதுசுன்னு ஒத்துக்காது. இனிமே நீங்க மனு போட்டா, உங்களுக்கு எதிரா அவங்க காட்டப் போறதே இந்த நாற்பது பேரைத்தான்."

திரும்பும் பஸ்ஸில் எல்லாமே அருவருப்பாக இருந்தது. அந்த மேனேஜர், பார்த்தவர்களைக் குற்றமாக்குகிற சட்டம், கேட்டவனிடமெல்லாம் பல்லைக் காட்டி விளக்கிய என் வாய். எல்லோருக்கும் மேலாக என்னைத்தான் வெறுத்தேன்.

அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். ஒரு பக்கத் தோள் தொங்கிப்போய் நின்றார்.

"இன்னாடா சொன்னாரு வக்கீலு?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"சாட்சி போதாதாம்பா."

"அவ்ளோதானா," என்றார். என் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டார். "நீ வூட்டுக்குப் போய் சாப்புடு. பக்கத்துத் தெருவுல பாத்தவங்க நெறைய பேரு இருக்கறாங்க. நான் போய் கையெழுத்து வாங்கினு வந்துடறேன்."