சாந்தம்மா அழுததாக எழுதினவர்

இது சத்தியமாக நடந்த கதை, ராயக்கோட்டைக்கே தெரியும். சரி, சத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். சாந்தம்மா போட்ட சத்தத்தில் சானமாவுக் காட்டு யானையெல்லாம் கர்நாடகத்துக்கு ஓடியது என்று யாராவது சொன்னால், அது என் கைச்சரக்கு. மற்றதெல்லாம் நடந்தது.

சாந்தம்மா தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிப்பவள். வாய்க்குப் பூட்டு வாங்கும் பழக்கம் பிறந்ததிலிருந்தே கிடையாது. டீக்கடை திம்மப்பன், பேப்பரில் உன் போட்டோ வந்திருக்கிறது என்று கூப்பிட்டதும், கல்யாணப் பெண்போல முகம் துடைத்துக்கொண்டு போய் நின்றாள். அவன் படிக்கப் படிக்க, துடைத்த முகம் கொதிக்க ஆரம்பித்தது.

ஒரு கட்சி இரண்டாக உடைந்ததைப் பற்றிய கட்டுரை அது. எழுதினவர் கட்சியை வீடு என்றிருந்தார். பிரிந்துபோன தலைவரை வீட்டுச் சுவரை இடித்த பிள்ளை என்றிருந்தார். பத்திக்கு நாலு கேள்வி, ஒன்றுக்கும் பதில் கிடையாது. நடுவில் சாந்தம்மா. 'ராயக்கோட்டைச் சந்தையில் ஓர் ஏழைத்தாய் கண்ணீர் மல்கக் கேட்டார்: ஐயா, வீட்டை உடைத்தவனை வாசலில் சேர்க்கலாமா?'

அவள் அப்படிக் கேட்கவே இல்லை. முந்தின வாரம் அதை எழுதின ஆள் பளபளக்கும் ஷூவோடு, போட்டோ எடுத்துக்கொண்டு வழியை மறித்து நின்றபோது, தள்ளு, கால்மேல் பெட்டி விழும் என்றாள். அவ்வளவுதான் பேச்சு. கண்ணீர் வந்தது உண்மை. பக்கத்தில் மிளகாய் மூட்டை கிழிந்து, சந்தைக்கு வந்த மாடுகூடத் தும்மிக்கொண்டிருந்தது.

மத்தியானம் தம்பி பொன்னுசாமி போன் செய்தான். ஓசூரில் வண்டிப் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பிரிந்துபோன தலைவரின் ஆள். வெள்ளிக்கிழமை சாந்தம்மாவின் மகள் யுவஸ்ரீக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது?

"ஊட்ட ஒடச்சவன் மடி உனக்கு ஆவாதுக்கா. வேற மாமனப் பாத்துக்கோ." வைத்துவிட்டான்.

அவள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். எழுதினவர் பொறுமையாக விளக்கினார். அது அவள் இல்லையாம், எல்லாத் தாய்மார்களின் குரலாம். அப்படி எழுதினால்தான் படிப்பவர் மனதில் தைக்குமாம்.

"தச்சது என் தம்பி மனசுல. எல்லாத் தாய்க்கும் எத்தினி தம்பியோ, எனக்கு ஒருத்தன்தான். உன் ஊட்டு அம்மாவ அழ வெச்சு எழுதுறதுதானே?"

போன் கட்டானது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

பேப்பரைச் சுருட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினாள். கம்பெனி பஸ்ஸுக்கு ஆட்கள் காத்து நிற்கும் இடத்தில், உடைந்த கட்சியின் இரண்டு பக்கத்து ஆட்களும் கேட்க, தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய் பொன்னா, என் ஆயுசுல யாரையாச்சும் ஐயான்னு கூப்புட்டு பாத்திருக்கியா? அழுது பாத்திருக்கியா? அப்பன் செத்தப்பவே பந்தல்காரன்கிட்ட சண்டை போட்டுட்டு இருந்தவ நானு."

பொன்னுசாமி யோசித்தான். பார்த்ததில்லை. கோபத்தை விடாமல் பிடிக்கப் பார்த்தான், சிரிப்பு முந்திக்கொண்டது. வெள்ளிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டான்.

அதோடு விட்டிருக்கலாம். எதிர்ப்பக்கத்து முனிவேல், சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டே வாயைத் திறந்தான்.

"அக்கா சொல்லலேன்னாலும் நெசம் நெசந்தானே? ஊட்ட ஒடச்சது நீங்கதானே?"

"ஊடா அது? போஸ்டர் ஒட்ட மட்டும் நாங்க, குடியிருக்க நீங்களா?"

கேட்டு முடிப்பதற்குள் முனிவேலின் சட்டை பொன்னுசாமியின் கையில் இருந்தது. அவனை ஒருவன் பிடித்தான், பிடித்தவனை இன்னொருவன் பிடித்தான். பஸ் வந்து ஹாரன் அடித்தது, ஏற ஆளில்லை. சாந்தம்மா நடுவில் புகுந்து தம்பியின் இடுப்பைக் கட்டி இழுத்தாள்.

"கால ஒடச்சுக்காதடா, வெள்ளிக்கெழம மடி வேணும்."