புட்டு ஆவியில் வளர்ந்த தென்னை

குளிர்காலச் சப்பாத்து வாங்கவென்று கடைக்குப் போன நான் தென்னம்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரியுங்கள். நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து அப்போது இரண்டாவது இலையுதிர்காலம், தொண்ணூறுகளின் தொடக்கம். வெக்ஸ்போர்ட் பக்கத்து பெரிய கடையொன்றில், காசு கட்டும் இடத்துக்கு அருகில், வாசனை மெழுகுதிரிகளுக்கும் பிளாஸ்டிக் பூக்களுக்கும் நடுவில் அது இருந்தது. சின்னச் சாடிக்குள் மட்டையோடு பாதி புதைந்த முழுத் தேங்காய், அதிலிருந்து இரண்டு முழ உயரத்துக்கு மூன்று பச்சை இலை. கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. வீட்டுக்குள் வைக்கலாமாம், தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டுமாம். தென்னைக்குத் தண்ணீர் குறைவாக ஊற்றச் சொன்னவனை நேரில் கண்டிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

காசு வாங்கிய பெண்ணிடம், குளிருக்கு இதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். என் ஆங்கிலம் அவளுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது, பால் பெட்டியின் காலாவதித் திகதியைச் சொல்வதுபோலப் பதில் சொன்னாள். "நத்தார்ப் பண்டிகை வரைக்கும் நிற்கும். பிறகு எறிந்துவிட்டு இன்னொன்று வாங்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்." அவள் அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. சாவதற்கென்றே தென்னம்பிள்ளையை விற்கிற ஊரும் ஓர் ஊரா என்று நினைத்தேன். என் கையில் இது சாகாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். சப்பாத்து வாங்கவில்லை.

டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் எங்கள் அப்பார்ட்மென்ட். கதவைத் திறந்த என் கணவர் சாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? இஞ்ச மனிசருக்கே குளிர் தாங்கேலாமக் கிடக்கு."

"மனிசர் தாங்கினம்தானே. இதுவும் தாங்கும்."

"பட்டுப்போனா அழக்கூடாது, சொல்லிப்போட்டன்."

அவரோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்த சனமெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல அதன் முன்னால் நின்று தலையை ஆட்டினார்கள். பக்கத்து வீட்டு அன்ரி எல்லாருக்கும் மேலே போனார். "உது இஞ்ச வராது, தங்கச்சி. வீணா மினக்கெடாதை" என்றார். அந்த 'வராது' எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் ரைப் அடித்துக்கொண்டிருந்தவள், இங்கே ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் துவாய் மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது, கார் ஓட வராது, கந்தோர் வேலை இனி வராது என்று அந்த வருடம் முழுவதும் கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. தென்னையைப் பற்றிச் சொன்னதையும் என்னைப் பற்றிச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு வீம்பு.

உண்மையைச் சொன்னால் ஊரில் நான் எந்தத் தென்னைக்கும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றியவள் அல்ல. தென்னை வளவில் நின்றது, தேங்காய் விழுந்தது, எடுத்து உடைத்துக் கறி வைத்தோம். அதற்கு என்ன பிடிக்கும், எதை வெறுக்கும் என்று யோசிக்க வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. ஆகவே ஸ்காபரோவில், முப்பத்தைந்து வயதுக்கு மேல், முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

கார்த்திகை பிறந்ததும் ஹீட்டர் அடிக்கத் தொடங்கியது. வீட்டுக் காற்று அப்பளம்போலக் காய்ந்தது. எங்கள் உதடு வெடித்தது, தென்னையின் இலை நுனி கருகியது. ஒரு நாள் கவனித்தேன், குசினிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த இலை மட்டும் பச்சையாக இருந்தது. புட்டுப் பானையின் ஆவி அதில் படுகிறது என்று பிடிபட்டது. அன்றே சாடியைக் குசினி வாசலுக்கு, யன்னல் வெளிச்சமும் கிடைக்கிற இடமாகப் பார்த்து நகர்த்தினேன். அந்தக் குளிர் முடியும்வரை எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு புட்டுத்தான். குரக்கன் புட்டு, கோதுமை மாப் புட்டு, கீரைப் புட்டு என்று மாற்றிப் பார்த்தேன். "எனக்கு ஒரு நாளைக்குப் பாண் தாருமன்" என்று இவர் கெஞ்சினார். கடையில் வாங்குகிற பாண் ரொட்டியில் ஆவி வராதே. ஒன்பது வயது மகள் மயூரிக்கு வேறு கவலை. "அம்மா, நீங்கள் அதுக்கு முன்னாலயே தேங்காய் திருவுறீங்கள். தட்ஸ் சோ மீன்" என்றாள். அவள் சொன்னது எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. அதற்குப் பிறகு தென்னைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் திருவினேன்.

நத்தார் முடிந்தது. தை மாதத்தில் வீதியோரமெல்லாம் எறிந்த நத்தார் மரங்கள் பனிக்குள் குப்புறக் கிடந்தன. என் தென்னை நான்காவது இலையை விட்டிருந்தது. பெருமை தாங்காமல் அந்தக் கடைக்கே போனேன். அந்தப் பெண் இல்லை, வேறொருத்தி நின்றாள். செப்டெம்பரில் வாங்கிய தென்னை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அவளுக்குச் செத்துப்போயிற்று என்று கேட்டதோ என்னவோ, அவள் முகம் வாடிவிட்டது. மிகவும் வருந்துவதாகச் சொல்லி, ரசீது இருந்தால் திருப்பி எடுக்கலாம் என்றாள்.

பெரிய சோதனை அடுத்த குளிரில் வந்தது. அதற்குள் இவரும் தென்னையின் பக்கம் சாய்ந்துவிட்டிருந்தார். வேலைக்குப் போகுமுன் அதைப் பார்ப்பார், வந்ததும் பார்ப்பார், எனக்குத் தெரியாமல் இலையைத் துடைப்பார். அப்படிப் பாசமாகப் பார்த்துக்கொண்டிருந்த மரம் ஒரு கிழமைக்குள் கருகத் தொடங்கியது. நுனியில் தொடங்கிய கருகல் நடு நரம்புவரை இறங்கியது. ஆவியும் குறையவில்லை, தண்ணீரும் குறையவில்லை. சாடி மண்ணைக் கிளறினேன். நீலமும் வெள்ளையுமாகக் கல்லுக் கல்லாக ஏதோ கிடந்தது. எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

இவர் குனிந்து சாடிக்குள் பார்த்தார். "உப்பு" என்றார் பிறகு. "ஊரில தென்னைக்கு உப்புப் போடுறதுதானே. வடிவா வரட்டுமெண்டு போட்டனான்."

"எங்கத்தை உப்பு?"

"கீழ, வாசல்ல வாளியில வச்சிருக்கினமே."

பனியில் வழுக்காமலிருக்க நடைபாதைக்குக் கொட்டுகிற உப்பு. இரண்டு கை அள்ளி, கோட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு எலிவேட்டரில் ஏறி வந்திருக்கிறார் மனிதர். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். ஊரில் தென்னை நடுகிற கிடங்கில் உப்புப் போடுவது மெய்தான். ஆனால் அங்கே மாரி மழை ஒன்று கொட்டி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும். பதினோராம் மாடிச் சாடிக்கு மழை எங்கிருந்து வரும்? ஏசிக்கொண்டிருக்கும்போதே என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு விளங்கியது. மழையை நாங்கள்தான் பெய்விக்க வேண்டும்.

இருவருமாகச் சாடியைத் தூக்கிக் குளியல் தொட்டிக்குள் இறக்கினோம். இளஞ்சூட்டுத் தண்ணீரை ஷவரில் திறந்துவிட்டேன். மண் நனைந்து, வடிந்து, மறுபடி நனைந்து, ஒரு பகல் முழுக்க மழை. தொட்டி எப்போது அடைத்ததோ தெரியாது. கீழ் வீட்டுக் கூரையில் சொட்டத் தொடங்கியதும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர் வந்து கதவைத் தட்டினார். போலந்துக்காரர், கடுகடுத்த மனிதர். உள்ளே வந்து குளியலறையை எட்டிப் பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை. நான் முழுகிய தலையோடு, நெற்றியில் திருநீற்றோடு, கையில் ஷவரைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் இவர், செய்த வேலைக்குக் கையைக் கட்டித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நடுவில் தென்னை முழுகிக்கொண்டிருந்தது. சூப்பர் ஒரு கணம் பார்த்தார். மெதுவாகக் குனிந்து தன் பூட்ஸைக் கழற்றினார், தொப்பியையும் எடுத்தார். "மன்னிக்க வேண்டும், பூசை முடியட்டும். பிறகு வருகிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினார். அவருக்கு உண்மையைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. மறுநாள் அடைப்பை எடுக்க வந்தவர், கேளாமலே எங்கள் ஹீட்டரையும் திருத்திவிட்டுப் போனார்.

கருகிய இலையெல்லாம் உதிர்ந்தது. நடுக் குருத்து மட்டும் ஈர்க்குக்கட்டைபோல விறைத்து நின்றது. தென்னைக்கு உயிர் அந்த ஒரு குருத்தில்தான். அது அழுகினால் வேறு கிளை வெடிக்கப் போவதில்லை. இழுத்தால் கையோடு வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் அதைத் தொடவே இல்லை. இவர் புட்டைப் பற்றி ஒரு வார்த்தை முறைப்பாடு சொல்லவில்லை. பங்குனியில் ஒரு நாள், அவசரத்துக்கு மட்டுமே அழைக்கலாம் என்றிருந்த சலவைக்கூடத் தொலைபேசிக்கு இவர் அழைத்தார். என்னவோ ஏதோவென்று ஓடிப்போய் எடுத்தேன்.

"குருத்து விரியுது. பச்சையா வருது."

துவாய்களுக்கு நடுவில் இருந்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அதைப் பிடிக்க முடியவில்லை. வருடா வருடம் சாடி மாற்றினோம். ஒரு கோடையில் புது இலை சீப்புச் சீப்பாகப் பிரிந்து, உண்மையான தென்னோலையாக விரிந்தது. செய்தி கட்டடம் முழுக்கப் பரவியது. பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் சனம் பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தது. படங்கள் ஊருக்கும் பாரிசுக்கும் லண்டனுக்கும் போயின. 'உது வராது' என்ற அதே அன்ரி தன் சொந்தக்காரரைக் கூட்டி வந்து, "இது எங்கட தென்னை" என்று அறிமுகப்படுத்தினார். நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். எனக்குள்ளே ஒரு கொடி பறந்தது.

ஐந்தாறு வருடத்தில் ஓலை கூரையில் முட்டியது. விரிய இடமில்லாமல் குருத்து வளைந்தது. தலையை வெட்டிவிட்டால் பக்கத்தில் அடர்த்தியாகக் கிளைக்கும் என்று சூப்பர் யோசனை சொன்னார். புனித மரத்தைக் குறை சொல்கிறோமே என்று பயந்து பயந்துதான் சொன்னார். தென்னையின் தலையை வெட்டுவது கொலை என்று அவருக்கு விளக்கினேன். ஆனால் வைத்திருந்தாலும் கூரை அதைக் கொன்றுவிடும். பல நாள் யோசித்து, நகரத்தில் பொதுமக்கள் பார்க்கிற ஒரு கண்ணாடித் தோட்டத்துக்கு மகளைக் கொண்டு தொலைபேசி எடுப்பித்தேன். பலரும் தங்கள் சாகப்போகிற செடிகளைத் தர முயல்வதாக அவர்கள் சலித்துக்கொண்டார்கள். கடைசியில் தோட்டக்காரர் ஒருவர் பார்க்க வந்தார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். ஓலையைப் பிடித்துப் பார்த்தார், அடியைத் தட்டிப் பார்த்தார். இந்த ஊர் வீட்டில் தென்னை இத்தனை குளிர் தாண்டியதைத் தான் கண்டதில்லை என்றார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"புட்டு" என்றேன்.

அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். மகள் விளங்கப்படுத்தப் போய் இன்னும் குழப்பினாள். நான் ஒரு தட்டில் புட்டைப் போட்டு, சீனியும் வாழைப்பழமும் வைத்து நீட்டினேன். சாப்பிட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், இன்னொரு தட்டுக் கேட்டார்.

ஆனியில் வந்து எடுத்துப் போனார்கள். எலிவேட்டருக்குள் ஓலையை மடித்துக் கட்டியபோது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குசினி வாசல் வெட்டைவெளியாகிவிட்டது. அன்று இரவு இவருக்குப் பாண் வாங்கி வைத்தேன். அவர் சாப்பிடவில்லை.

மார்கழியில், வீதியெல்லாம் பனி குவிந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்க்கப் போனோம். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. நடுவில் நின்றது என் தென்னை. ஒரு முழம் கூடுதலாக வளர்ந்து, தலைக்குமேல் இன்னும் எவ்வளவோ இடத்தோடு நின்றது. என் வயிறு குளிர்ந்தது. என்னால் கொடுக்க முடியாத உயரத்தை வேறு யாரோ கொடுத்தார்களே என்று கொஞ்சம் எரிச்சலும் வந்தது. காலடியில் சின்னப் பலகையொன்றில் வாயில் நுழையாத ஒரு பெயரும், அதன் கீழே 'வெப்பமண்டலக் கடற்கரைகள்' என்றும் எழுதியிருந்தது. டோர்செட் பார்க் பற்றி ஒரு சொல் இல்லை.

புதிதாக விரிந்த ஓலை பக்கத்து வாழையின் தண்டில் சிக்கிக்கொண்டு நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை. தாழ்வான சங்கிலியைத் தாண்டி உள்ளே போனேன். சீருடை போட்ட ஓர் இளம் பெண் ஓடி வந்தாள்.

"மேடம், சங்கிலிக்கு உள்ளே போகக்கூடாது."

"இது என்னுடைய மரம்" என்றேன்.

அவள் இனிமையாகச் சிரித்தாள். "ஆம் மேடம், இது எல்லாருடைய மரமும்தான்" என்றாள்.

விளக்கிச் சொல்ல அப்போது என்னிடம் போதிய ஆங்கிலம் இருந்தது. சொல்ல மனம் வரவில்லை. அவள் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது, பெருமையாகவும் இருந்தது. இவர் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். இந்தப் பக்கம் நின்றபடி, அந்த ஓலையை இழுக்காமல் அடியில் பிடித்துத் தூக்கச் சொல்லி அவளிடம் சொன்னேன். அவள் அப்படியே செய்தாள்.

"உங்களுக்கு இதைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

ஓலை விடுபட்டு மேலே எழும்பியது. நான் சங்கிலிக்கு வெளியே, தடித்த குளிர்க்கோட்டுக்குள் வியர்க்க வியர்க்க, மற்றச் சனங்களோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.